தங்கத் தாத்தா நவாலியூர் சோமசுந்தரப் புலவர்

ஈழத்துச் சைவ உலகிலே புலவர் என்றதும் ஏட்டுச் சுவடியும் கண்டிப்பான முகமும் நினைவுக்கு வருவது வழக்கம். பாட்டு யாத்தவர் பலர்; பட்டம் பெற்றவர் பலர். ஆயின் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் உரிமையோடு தாத்தா என்று அழைக்கும் பேறு பெற்ற புலவர் ஒருவரே. அவர்தாம் தங்கத் தாத்தா எனப் போற்றப்படும் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் அவர்கள்.

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்க்கு அண்மையிலுள்ள நவாலி என்னும் ஊரிலே 1878ஆம் ஆண்டில் கதிர்காமர் என்பவரின் மைந்தராகப் புலவர் பிறந்தார். வயலும் பனங்கூடலும் கோயில்களும் சூழ்ந்த ஊர் அது. தமிழையும் ஆங்கிலத்தையும் கற்றுத் தேர்ந்த அவர், அக்காலத்தில் பலர் நாடிய அரசாங்க உத்தியோகத்தின் பின்னே செல்லாமல் ஆசிரியத் தொழிலை ஏற்றுக்கொண்டார். சித்தங்கேணியிலுள்ள வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியிலே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவருடைய பணி நடைபெற்றது. ஒரு தலைமுறைக்குப் படிப்பித்து, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் படிப்பிக்கக்கூடிய நீண்ட காலம் அது.

புலவர் அவர்களின் பக்திப் பனுவல்கள் பல. நவாலியில் எழுந்தருளியிருக்கும் அட்டகிரி முருகன் மீது அட்டகிரிக் கலம்பகம், நல்லூர்க் கந்தன் மீது நல்லையந்தாதி, கதிர்காமத்து வேலன் மீது கதிரைச் சிலேடை வெண்பா, கலைமகள் மீது நாமகள் புகழ்மாலை என்பன அவற்றுட் சில. கலம்பகமோ பல உறுப்புக்களையும் பலவகைப் பாக்களையும் கலந்து அமைப்பது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரவேண்டும். சிலேடையிலோ ஒரு சொற்றொடர் இரு பொருள் தந்து நிற்கவேண்டும். இவை யாவும் இலக்கணப் பயிற்சி நிரம்பியவர்க்கே கைகூடுவன. உயிரை ஓர் இளங்குமரனாக உருவகித்து உயிரிளங்குமரன் என்ற நாடகத்தையும் அவர் ஆக்கினார்.

இத்தகைய அரிய பனுவல்களைச் செய்த அதே கை, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பாட்டு எழுதியது. ஆடிப்பிறப்பு, கத்தரி வெருளி, பவளக்கொடி, தாடியறுந்த வேடன், எலியும் சேவலும், இலவு காத்த கிளி ஆகிய பாட்டுக்கள் பாடசாலைப் புத்தகங்கள் வழியாகவும் பாட்டிமார் வாய் வழியாகவும் ஈழமெங்கும் பரவின. சிறுவர் செந்தமிழ் என்ற பெயரில் இப்பாட்டுக்கள் நூலுருவும் பெற்றன. பலியிடப்படும் ஆட்டின் துயரைச் சொல்லும் ஆடு கதறியது என்ற பாட்டு, சிறுபிள்ளையின் மனத்திலே சீவகாருணியத்தை விதைப்பது. நோயின்றி வாழும் வழியைச் சொல்லச் சுகாதாரக் கும்மியும், பனையின் பெருமையைச் சொல்லத் தாலவிலாசமும் எழுதினார். கற்றவர்க்கு மட்டும் தமிழ் உரியது என்று அவர் எண்ணவில்லை.

ஆடிப்பிறப்புப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம் முதலாம் நாள் தட்சிணாயனம் தொடங்கும் புண்ணிய நாள். அன்று நம்மவர் வீடுகளில் கூழும் கொழுக்கட்டையும் செய்து படைப்பது மரபு. மறுநாள் விடுமுறை என்ற மகிழ்ச்சியை ஒரு பிள்ளை தன் தோழர்களுக்குச் சொல்வதாகப் பாட்டுத் தொடங்குகின்றது. பிறகு ஒரு வீட்டின் அடுக்களையே நம் கண்முன் விரிகின்றது. அரிசி இடிப்பதும், பயறு வறுப்பதும், தேங்காய் சேர்ப்பதும், பனங்கட்டி கரைப்பதும், தாயார் படைப்பதும், பலாவிலையைக் கோலிக் கூழ் குடிப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தன் வீட்டு அடுக்களை வாசலிலே நின்று, பெண்களின் உழைப்பையும் பிள்ளைகளின் ஆவலையும் அன்போடு பார்த்திருந்த ஒரு குடும்பத் தலைவராலேயே இப்படிப் பாட முடியும். அந்தப் பாட்டிலே தனியாக உண்பவர் எவரும் இல்லை. தோழரை அழைத்துக் கூட இருந்து உண்பதே அதன் உயிர்நாடி.

இல்வாழ்வான் என்ற முறையிலும் புலவர் நிறைவு கண்டவர். அவருடைய மக்கள் இளமுருகனார், வேலாயுதபிள்ளை, நடராசன் ஆகியோர். தந்தையின் தமிழ், மக்களிடத்தும் தழைத்தது. இளமுருகனார் புலவராய், தனித்தமிழ்ப் பற்றாளராய் விளங்கி, காரைநகர்ச் சிவன் கோயிலாகிய ஈழத்துச் சிதம்பரத்தின் மீது புராணம் பாடினார். அப்புராணத்துக்கு உரை வகுத்தவர் அவருடைய துணைவியார் பண்டிதைமணி பரமேசுவரியார். மாமனார் புலவர், மகன் புலவர், மருமகள் உரையாசிரியர் என ஒரு குடும்பமே தமிழுக்கும் சைவத்துக்கும் தொண்டு செய்தமை எங்கும் எளிதிற் காணக்கூடியதன்று. நடராசன் அவர்கள் வடமொழி மேகதூதத்தைத் தமிழிலே தந்தவர். கண்டிப்பால் மட்டும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பற்று வந்துவிடாது. வீட்டிலே தமிழ் மகிழ்ச்சிக்குரிய பொருளாக இருந்தால்தான் அது வரும்.

1953ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, தமது எழுபத்தைந்தாம் வயதளவில், புலவர் அவர்கள் இறைவன் திருவடி நிழலை அடைந்தார்கள். ஆடிப்பிறப்புக்குச் சில நாட்களே இருந்தன. அந்த ஆண்டும் பிள்ளைகள் அவர் பாட்டைப் பாடியே கூழ் குடித்திருப்பர்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின், அதே யூலை மாதத்திலே அவர் பிறந்த மண் பெருந்துயரைக் கண்டது. 1995 யூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்திலும் அயலிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமளவே இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஊரை விட்டுப் புறப்பட்டது. வீட்டையும் நெற்கூடையையும் உரலையும் விட்டுச் சென்றவர்கள், தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழல்களில் இருந்தபோது, சுமையின்றிக் கொண்டுசென்ற சொத்து மனப்பாடமாய் இருந்த பாட்டுக்களே. பனையும் பலாவும் காணாத தேசங்களிலே இன்று வளரும் பிள்ளைகளுக்கும் கூழும் கொழுக்கட்டையும் இன்னதென்று சொல்ல அந்தப் பாட்டு உதவுகின்றது.

கலம்பகத்தையும் அந்தாதியையும் இன்று படிப்போர் மிகச் சிலரே. அது வருந்தத்தக்கது, அவற்றைத் தேடிப் பதிப்பிப்பது நமது கடன். ஆனால் புலவரின் பெயரைக் காத்து நிற்பது பிள்ளைப் பாட்டே என்பதிலும் ஒரு பாடம் உண்டு. பெருமைக்காகச் செய்தது நில்லாது போகலாம். அன்பினாற் செய்தது நிலைத்து நிற்கும்.

ஆதலால் வருகின்ற ஆடிப்பிறப்பன்று நம் வீடுகளில் கூழ் காய்ச்சும்போது, தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டு, பேரப்பிள்ளைகளை அருகில் இருத்தி, தங்கத் தாத்தாவின் பாட்டைச் சொல்லிக் கொடுப்போமாக. அயல்வீட்டுப் பிள்ளையையும் அழைப்போமாக. அதுவே அப்பெருமகனுக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலி. அதற்கு எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் பாலிப்பாராக.