இரத்தப் புற்றுக்கு மருந்து தேடிய சுப்பாராவ்

சபாக், சுங்கை பெசார், கோலசிலாங்கூர் வட்டாரத்துச் சுகாதார மருந்தகங்களில் கருவுற்ற தாய்மார்களுக்குச் சிறிய மஞ்சள் மாத்திரை ஒன்றைக் கொடுப்பார்கள். அது ஃபோலிக் அமிலம். புது இரத்தம் ஊறவும் வயிற்றிலுள்ள குழந்தை செவ்வனே வளரவும் அது துணைபுரிகிறது. அந்த மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் போனால், குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த மருந்தின் வரலாறும் அதனோடு பின்னிக் கிடப்பதைக் காணலாம். இரண்டிலும் இடம்பெறும் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பத்தில் ஏழு குழந்தைகள், வருமானமோ குறைவு. சிறு வயதில் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை. பதின்மூன்று வயதளவில் வீட்டை விட்டு ஓடிப்போய், காசிக்கு வரும் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்று கிளம்பினார். தாயார் வெங்கம்மா அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். அப்படியும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதிய சுப்பாராவ், மூன்றாம் முறைதான் தேர்ச்சி பெற்றார்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது துறவியாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தாயார் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தாலும் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பண உதவி செய்தனர். 1919இல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்த காலம். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சுப்பாராவ் கதராடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றும் பயனில்லை. சென்னையிலிருந்த ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பிக்கும் வேலையை ஏற்றார்.

இதற்கிடையில் அவருடைய இல்லத்தில் பெருந்துயரம் நிகழ்ந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமல் போவதே அந்நோய். உடல் மெலியும், இரத்தம் குன்றும், நாக்கு புண்ணாகும். அதற்குக் காரணம் என்ன, மருந்து என்ன என்று அன்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. மருத்துவம் படித்தும் உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லையே என்னும் வேதனை சுப்பாராவை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது.

1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் கால் வைத்தார். சில ஆண்டுகளில் திரும்பி விடுவதாக மனைவியிடம் கூறிச் சென்றிருந்தார். ஆனால், அவர் தாயகம் திரும்பவே இல்லை. ஊரில் பிறந்த ஆண்குழந்தையும் ஓராண்டு நிறையும் முன்பே இறந்துபோனது. சேஷகிரி கடைசிவரை கணவரைக் காணவில்லை. சுப்பாராவின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது இந்த இழப்பை மறைத்துவிட்டு அவருடைய சாதனைகளை மட்டும் அடுக்குவது முறையாகாது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிப் படித்தார். கைச்செலவுக்கு மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைக் கழுவினார். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கண்டறியும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயரில் அது உயிர்வேதியியல் நூல்களில் நிலைத்துவிட்டது. தசைகள் இயங்கத் தேவையான ஆற்றலைத் தரும் பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகிய பொருள்களையும் அவர்கள் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை அதே 1929இல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் கண்டறிந்ததால் புகழ் பெரும்பாலும் அவருக்கே சென்றது. 1930இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்திற்குச் சென்றார். அங்கே ஆராய்ச்சித் துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஃபோலிக் அமிலத்தின் கதை உண்மையில் இந்தியாவிலேயே தொடங்கியது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், அங்குள்ள நெசவாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்கள் கடும் இரத்தச் சோகையால் வாடுவதைக் கண்டார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அவர்கள் தேறினர். அச்சாற்றில் ஏதோ ஓர் அரிய பொருள் இருக்கிறது என்று அவர் அறிவித்தார். 1941இல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைக் கீரையைப் பிழிந்து, அதிலிருந்து சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். நான்கு டன் கீரைக்குக் கிடைத்தது அவ்வளவே என்றால், அதை மருந்தாக யாருக்குக் கொடுப்பது? அதை ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கும் பணியில் சுப்பாராவின் குழு இறங்கி, 1945இல் வெற்றி கண்டது. ஸ்புரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவர்கள் நலம் பெற்றனர். சகோதரர்களைப் பறிகொடுத்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து அந்த மருந்து சுப்பாராவின் கைக்கு வந்தது.

அதே காலத்தில் போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் நோய்க்குறியியல் அறிஞர் பணியாற்றினார். இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்வது அவர் வேலை. தீவிர இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறப்பதை அவர் ஓயாமல் கண்டார். எலும்பு மச்சையில் முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இரத்தம் ஏற்றுவதைத் தவிர மருத்துவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலவில்லை.

இரத்தச் சோகையை நீக்கும் பொருள் இந்நோயையும் நீக்கக்கூடும் என எண்ணிய ஃபார்பர், சுப்பாராவின் ஆய்வகம் அனுப்பிய ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக மேலும் விரைந்து பரவியதாகவே தோன்றியது. ஒருவகையில் அது கொடுமையான தோல்வி. ஆயினும், அத்தோல்விக்குள் ஒரு வழி இருந்தது. அணு ஒன்று இரண்டாகப் பிரியும்முன் தன் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. புற்றணுக்கள் ஓயாமல் பிரிவதால் அவற்றுக்கு அது மிகுதியாகத் தேவைப்படுகிறது. கொடுத்தால் வளரும் என்றால், தடுத்தால் என்ன ஆகும்?

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைச் செய்யாத பொருள்களைச் சுப்பாராவின் குழுவைச் சேர்ந்த வேதியியலாளர்கள் உருவாக்கினர். பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் சாவியைப் போல, இவை அணுவுக்குள் சென்று டி.என்.ஏ. உருவாவதைத் தடுத்தன. அவற்றுள் அமினோப்டெரின் என்னும் பொருளை 1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் பயன்படுத்தத் தொடங்கினார். படுத்த படுக்கையாய்க் கிடந்த குழந்தைகளுள் சிலர் எழுந்து நடந்தனர், உணவு கேட்டனர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான கட்டுரையில், சிகிச்சை பெற்ற பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டதாக அவர் அறிவித்தார்.

எனினும், அது தற்காலிக நலமே. சில மாதங்களில் நோய் திரும்பியது. மருந்தால் வாய்ப்புண் போன்ற தொல்லைகளும் ஏற்பட்டன. பெற்றோருக்கு அச்சில மாதங்கள் எவ்வளவு பெரியவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதுவரை பெரும்பாலும் வெட்டியெடுத்தும் கதிர்வீச்சாலும் எதிர்க்கப்பட்ட புற்றுநோய்களின் வரிசையில், கத்திக்கு எட்டாத இரத்தப் புற்று மருந்துக்குப் பணிந்தது என்பதே பெரிய செய்தி.

அக்கட்டுரை வெளியாகி இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். அமினோப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெத்தோடிரெக்ஸேட், அதே ஆய்வகத்திலிருந்து வந்து, அதன் இடத்தைப் பிடித்தது. 1960களில் மருத்துவர்கள் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கண்டனர். இரத்தப் புற்று கண்ட குழந்தைகள் முழுமையாகக் குணமடையத் தொடங்கினர். இன்றும் அச்சிகிச்சையில் மெத்தோடிரெக்ஸேட் இடம்பெறுகிறது. சுப்பாராவின் குழு உருவாக்கிய மற்றொரு மருந்தான டைஎத்தில்கார்பமசின், மலேசியா உட்பட பல நாடுகளில் யானைக்கால் நோயை எதிர்க்கப் பயன்பட்டது. தம் கண்டுபிடிப்புகளைப் பற்றி மேடையேறிப் பேசும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. ஆகவே, பெயர் பரவவும் நாளாயிற்று. அவர் பிறந்த நூறாம் ஆண்டான 1995இல் இந்திய அரசு அவருடைய அஞ்சல் தலையை வெளியிட்டது.