நினைவகத்துக்கு இலக்கணம் கண்ட சீமாட்டி

கருவி முதலில் தோன்றுதலும், அதனைக் கையாளும் முறை பின்னர் எழுதப்படுதலும் உலக வழக்கு. கருவி உருவாகாதிருக்கவே, அதனுள் எண்கள் எங்கே வைக்கப்படும், எப்போது மாறும், எப்போது நீங்கும் என்பவற்றையெல்லாம் தாளில் ஒழுங்குற எழுதிக் காட்டிய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே ஏடா லவ்லேஸ் சீமாட்டியார். கணினி பயிலும் நம் மாணவருட் பலர் ஏடா என்பதை ஒரு கணினி மொழியின் பெயராகவே அறிவர். அப்பெயருக்குரியாரது வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடா 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலக் கவிஞருள் புகழ் வாய்ந்த பைரன் பிரபு. தாயார் ஆனபெல்லா மில்பாங்க். குழந்தை பிறந்து சில வாரங்களுள் பெற்றோர் பிரிந்தனர். 1816இல் இங்கிலாந்தை விட்டகன்ற பைரன் பின் ஒருபோதும் மகளைக் கண்டாரல்லர். 1824இல் கிரேக்க நாட்டில் அவர் இறந்தபோது ஏடாவுக்கு வயது எட்டு. கணவனின் கட்டற்ற கற்பனை மகளிடத்தும் தலையெடுத்தல் கூடாது என அஞ்சிய தாயார், அக்காலப் பெண்களுக்குக் கிட்டாத கணிதக் கல்வியை இளமையிலேயே அளித்தார். ஆயினும் கற்பனை அடங்கியதில்லை. பன்னிரண்டு வயதிற் பறக்கும் பொறியொன்றை அமைக்க எண்ணிய அச்சிறுமி, பறவைகளின் சிறகமைப்பை ஆராய்ந்து குறிப்பெழுதினார். 1829இற் சின்னமுத்து நோயால் நடக்கவியலாது நெடுநாட் படுக்கையிற் கிடந்தும் படிப்பைக் கைவிட்டாரல்லர்.

1833இல், பதினேழாம் வயதில், சாள்ஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தார். அட்டவணைகளைத் தாமே கணித்துத் தரும் வேறுபாட்டுப் பொறியின் ஒரு பகுதியைப் பாபேஜ் தம் இல்லத்திற் காட்சிக்கு வைத்திருந்தார். வந்தோர் பலர் அதனை விந்தைப் பொருளாகக் கண்டு செல்ல, ஏடா அதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ள முயன்றார். 1835இல் வில்லியம் கிங் என்பவரை மணந்தார். 1838இற் கணவர் லவ்லேஸ் கோமகனாக உயர்த்தப்படவே, ஏடா லவ்லேஸ் சீமாட்டி எனப்பட்டார். மூன்று மக்களைப் பெற்ற பின்னரும் கல்வி வேட்கை தணியாது, 1840 முதல் அகஸ்டஸ் டி மோர்கன் என்னும் பேராசிரியரிடம் கடித வாயிலாக உயர்கணிதம் பயின்றார்.

இதற்கிடையிற் பாபேஜ் பகுப்புப் பொறி என்னும் பெரும் பொறியொன்றைத் திட்டமிட்டிருந்தார். அதற்கு இரு பகுதிகள் உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நிகழுமிடம் ஆலை. எண்கள் காத்திருக்குமிடம் களஞ்சியம். களஞ்சியத்தில் எண் பொறித்த சக்கரங்கள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்ட தூண்கள் நிற்கும். ஒவ்வொரு தூணும் ஓரெண்ணைத் தாங்கும். சக்கார் தறியிற் பட்டு நெசவுக்குப் பயன்பட்டன போன்ற துளையட்டைகள் ஏவல் செய்யும். பாபேஜ் 1840இல் இத்தாலியின் தூரின் நகரில் இதனை விளக்கினார். அதனைக் கேட்ட மெனாபிரேயா என்பவர் 1842இற் பிரெஞ்சு மொழியிற் கட்டுரை வரைந்தார். அக்கட்டுரையை ஏடா ஆங்கிலத்திற் பெயர்த்து, ஏழு குறிப்புகளையும் சேர்த்து 1843இல் வெளியிட்டார். குறிப்புகள் மூலத்தைக் காட்டிலும் ஏறக்குறைய மும்மடங்கு நீண்டன. தம் பெயரைக் குறிக்க மூன்றெழுத்துகளை மட்டுமே இட்டார்.

அக்குறிப்புகளுள் நாம் சிறப்பாக நோக்கற்பாலது களஞ்சியத்தைப் பற்றிய குறியீட்டு முறையாகும். நான்காம் தூண், ஐந்தாம் தூண் எனக் கீழ்க்குறியால் இடத்தைச் சுட்டுதல் மெனாபிரேயாவின் கட்டுரையிலேயே உண்டு. ஆயின் ஒரே தூணில் இப்போது ஓரெண், சற்றுப் பின் வேறோரெண் நிற்குமே. இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? ஏடா மேற்குறி ஒன்றினால் இதனைத் தெளிவாக்கினார். தூண் வெறுமையாயிருப்பின் மேற்குறி சுழியம். முதன்முதல் ஓரெண் வந்தமர்ந்தால் ஒன்று. அவ்வெண் நீங்கி வேறெண் வந்தால் இரண்டு. மீண்டும் வெறுமையானால் மேற்குறி சுழியமாகும். ஆயினும் அதன்பின் புதிய எண் வருமாயின், முன்னிருந்த கணக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரும். பெயர்ச்சொல் ஒன்றேயாயினும், அது ஏற்கும் உருபால் எழுவாயென்றும் செயப்படுபொருளென்றும் நாம் அறிகிறோமல்லவா? அதுபோல இடம் ஒன்றேயாயினும், அதன் நிலை மேற்குறியால் விளங்கும்.

அன்றியும் தூணிலிருந்து ஆலைக்கு எண்ணை அனுப்பும் அட்டைகளை இருவகையாகப் பிரித்து விளக்கினார். ஒருவகை அட்டை எண்ணை அனுப்பியபின் தூணை வெறுமையாக்கும். மற்றையது எண்ணைத் தூணிலேயே நிறுத்திவைக்கும். இனித் தேவைப்படாத எண் இடத்தை அடைத்துக்கொண்டிருத்தல் வீண். இன்னும் தேவைப்படும் எண் அழிதல் கேடு. இவ்விரண்டையும் செய்நிரல் எழுதுவோனே முன்கூட்டி எண்ணித் தீர்த்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இறுதிக் குறிப்பிற் பேர்னூலி எண்களைப் பொறி கணிக்கும் விதத்தை 25 செய்கைகள் கொண்ட அட்டவணையாகத் தந்தார். கொடுக்கப்படும் எண்களுக்குச் சில தூண்கள், இடைக்கணிப்புக்குச் சில, விடைகளுக்குச் சில என அதிற் களஞ்சியம் பங்கிடப்பட்டுள்ளது. ஒரு பகுதிச் செய்கைகள் மீண்டும் மீண்டும் நிகழுமாறும் வகுக்கப்பட்டுள்ளது. இதனால் அவரை உலகின் முதற் செய்நிரலாளர் என்பர். பாபேஜ் அதற்கு முன்னரே சிறு செய்நிரல்கள் சில வரைந்திருந்தார் என்பதும், பேர்னூலி எண்களுக்குரிய அட்சரகணிதத்தில் உதவினார் என்பதும் உண்மை. அவ்வுதவியில் நேர்ந்த பெரும் பிழையொன்றை ஏடா கண்டு திருத்தச் செய்தார் என்பதைப் பாபேஜே தம் தன்வரலாற்றிற் கூறியுள்ளார். எனவே முதன்மைப் பட்டம் எவர்க்காயினும் ஆகுக. இடத்தையும் நிலையையும் வேறுபிரித்து எழுதிய தெளிவு ஏடாவின் பெருமைக்குப் போதிய சான்றாகும்.

வெளியீட்டின்போது இருவர்க்குமிடையிற் பிணக்கொன்று நேர்ந்தது. அரசாங்கம் வேறுபாட்டுப் பொறிக்கு 17,000 பவுண் வரை செலவிட்டு, 1842இற் கைவிட்டிருந்தது. அதனாற் சினங்கொண்ட பாபேஜ், அரசைக் குறைகூறும் பெயரிடாத முகவுரையொன்றைக் கட்டுரையோடு சேர்க்க விரும்பினார். ஏடா அதற்கு இசைந்தாரல்லர். கட்டுரையையே மீளப்பெறுமாறு பாபேஜ் வேண்டியபோதும், கொடுத்த வாக்கை முறித்தல் தகாதென மறுத்தார். ஆசானுக்குரிய மதிப்பையும் தாம் கொண்ட நேர்மையையும் ஒருசேரக் காத்தமையால் நட்பும் பின்னர் நிலைத்தது.

அவர் வாழ்வு முழுதும் ஒளியுடையதன்று. பிற்காலத்திற் குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டுப் பெருங்கடனாளியானார். குடும்ப வைரங்களை அடைவு வைக்கவும் நேர்ந்தது. களஞ்சியத்தின் ஒவ்வோர் எண்ணுக்கும் கணக்கு வைத்தவர் தம் பணத்துக்குக் கணக்கு வையாதது விதியின் விளையாட்டே போலும். கருப்பைப் புற்றுநோயால் நெடிது துன்புற்று, 1852ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் காலமானார். வயது 36, தந்தை இறந்ததும் அதே வயதிலேயே. அவர் விருப்பின்படி, ஹக்னல் என்னும் ஊர்த் தேவாலயத்திற் கண்டறியாத தந்தையின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டார். பகுப்புப் பொறியோ பாபேஜ் வாழ்நாளில் முற்றுப்பெறவேயில்லை.

நூறாண்டுக்கு மேல் அவர் குறிப்புகள் பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1950இல் அலன் ரியூறிங், பொறி தானாக எதனையும் புதிதாய்ப் படைக்காது என்னும் ஏடாவின் கருத்தை எடுத்துக்கொண்டு மறுமொழி எழுதினார். பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், விமானம் முதலியவற்றை இயக்கும் செய்நிரல்களுக்கென ஆக்குவித்த மொழிக்கு ஏடா எனப் பெயரிட்டது. 1980இல் வந்த அதன் தர ஆவணத்துக்கு அவர் பிறந்த ஆண்டாகிய 1815 என்பதே இலக்கமாயிற்று.

அம்மொழியில் நினைவகத்தில் இடம் கேட்கும் முறை ஈண்டு நோக்கத்தக்கது. 'நியூ' என்னும் சொல்லை எழுதி, அதன்பின் எவ்வகைப் பொருளுக்கு இடம் வேண்டும் என்பதைக் கூறல் வேண்டும். சீ மொழியிற்போல இத்தனை பைற்று இடம் எனக் கேட்பதில்லை. பொருளின் வகையே அளவைத் தீர்மானிக்கும். கிடைத்த இடத்தைச் சுட்டும் மாறியும் அவ்வகைக்கே உரியது. வேறு வகையைச் சுட்டாது. இடத்தைத் திருப்பிக் கொடுத்தல் மட்டும் எளிதன்று. அதற்குரிய செயல்முறைக்கு, சரிபாராது விடுவித்தல் எனப் பொருள்படும் நீண்ட பெயரை வேண்டுமென்றே இட்டுள்ளனர். விடுவித்த இடத்தைப் பின்னும் ஒருவன் பயன்படுத்துவானாயின் அங்கே பிறிதொன்றின் எண்ணைக் காண்பான். பறக்கும் விமானத்தில் அப்பிழை உயிர்களைக் கொள்ளும். ஆதலின் எழுதுவோன் ஒருகணம் நின்று சிந்திக்குமாறு மொழியே எச்சரிக்கிறது. சுழியமாக்கும் அட்டை, நிறுத்திவைக்கும் அட்டை என 1843இல் ஏடா பிரித்துணர்ந்ததும் இவ்விடரையே தழுவியதன்றோ?

நம் கல்லூரியிற் கணினி கற்கும் இளைஞர், இடம் கேட்கும் சொல்லை எழுதுந்தோறும் அவ்விடத்தை எப்போது விடுவோம் என்பதையும் உடன் எண்ணும் பழக்கம் கொள்வாராக. அப்பழக்கத்தைப் பொறியே இல்லாத காலத்திற் கைக்கொண்டவர் ஏடா லவ்லேஸ் சீமாட்டியார்.