சிறை உடை அணிந்த ஆசிரியர்

ஆண்டுதோறும் நவம்பர் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரிலே ஒரு விந்தைக் காட்சி! பெயர் பெற்ற பத்திரிகை ஆசிரியர் ஒருவர், அமைச்சர்களுடன் கைகுலுக்கும் கனவான், அன்று மட்டும் கைதி உடை அணிந்து வலம் வருவார். வில்லியம் தாமஸ் ஸ்டெட் அவர் பெயர். திருடிச் சிறை சென்றவரல்லர். பின், ஏன் அந்த உடை? அதைச் சொல்லத்தான் இன்று பேனா எடுத்தோம்.

1849-ல் வட இங்கிலாந்தின் சிற்றூரொன்றில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 22 வயதில் டார்லிங்டன் நகரத்து ஏடு ஒன்றுக்கு ஆசிரியர். 1883-ல் இலண்டனின் மாலை ஏடான 'பால் மால் கெஜட்' அவர் கைக்கு வந்தது.

விக்டோரியா ராணியார் காலம் அது. ஒழுக்கம் பற்றி ஓயாமல் பேசிய காலம்! ஆனால் சட்டம் என்ன சொல்லிற்று? பதின்மூன்று வயது நிரம்பிய சிறுமி, தன் உடலைப் பற்றித் தானே முடிவு செய்யலாமாம்! 1875-க்கு முன்பு பன்னிரண்டே போதுமாம்! ஏழை வீட்டுச் சிறுமிகளைத் தரகர்கள் விலை பேசினர். வயதை உயர்த்தும் மசோதா, பிரபுக்கள் சபையைத் தாண்டியும் மக்கள் சபையிலே தூங்கிற்று.

தூக்கத்தைக் கலைக்கத் துணிந்தார் ஸ்டெட். விடுதிகளிலும் தரகரிடமும் தாமே விசாரித்து, 1885 ஜூலை 6 முதல் அந்த வாணிபத்தை அம்பலப்படுத்தினார். உடனே, ஆபாசம், ஆபாசம் என்ற அலறல்! இரயில் நிலையக் கடைகளைக் கையில் வைத்திருந்த டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் ஏட்டை விற்க மறுத்தது. தெருவில் விற்ற பையன்களைப் போலீசார் பிடித்தனர். சிறுமியை விற்றவன் வெளியே. அதைச் சொன்ன தாளை விற்ற பையன் உள்ளே! மக்களோ ஏட்டின் அலுவலகத்தையே முற்றுகையிட்டு வாங்கிப் படித்தனர். ஆகஸ்டு 14-ல் சட்டம் வந்தது. வயது பதினாறு ஆயிற்று.

இவ்வளவும் சொல்லி, மற்றொன்றை மறைத்தால் நாமும் அந்தக் கனவான்கள் கூட்டத்தில் சேர்ந்தவராவோம். சிறுமியை விலைக்கு வாங்க முடியும் என்று மெய்ப்பிக்க, ஸ்டெட் உண்மையிலேயே ஒருத்தியை வாங்கச் செய்தார். எலிசா ஆம்ஸ்ட்ராங், வயது 13, புகைபோக்கி துடைக்கும் தொழிலாளியின் மகள். பேசிய விலை ஐந்து பவுன். மருத்துவச்சியிடம் சோதனை, மயக்க மருந்து, அறியாத வீடு, பிறகு பிரான்சு நாட்டுக்குப் பயணம்! தீங்கு நேராதபடி காத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழந்தை பட்ட அச்சத்துக்கு எந்தச் சட்டம் ஈடு? வேலைக்கு அனுப்புவதாகவே எண்ணினேன் என்றாள் தாய், நீதிமன்றத்தில். தந்தையை ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஓட்டையில்தான் சட்டம் நுழைந்து, ஸ்டெட்டுக்கு மூன்று மாதச் சிறை தந்தது. சீமான் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படிச் சோதனைப் பொருளாக்க மனம் வந்திருக்குமா? வந்திராது என்றே எண்ணுகிறோம். ஆண்டுதோறும் அவர் பெருமையோடு அணிந்த உடையில், எலிசாவின் கண்ணீரும் ஒட்டியிருந்தது.

வேடிக்கை இன்னும் உண்டு, தோழர்களே! அவர் மூட்டிய கிளர்ச்சியில் பிறந்தது, தேசியக் கண்காணிப்புச் சங்கம். சிறுமிகளைக் காக்கப் பிறந்த சங்கம் விரைவிலேயே புத்தகங்களைப் புரட்டத் தொடங்கிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட விஸிடெல்லி என்ற முதியவரை 1888-ல் வழக்கு மன்றத்துக்கு இழுத்தது. அவ்வாண்டு அபராதம்; மறு ஆண்டு சிறை. அவருக்கும் மூன்றே மாதம்! ஆபாசம் என்று ஸ்டெட்டின் மீது வீசப்பட்ட அதே கல், அவருடைய கூட்டத்தார் கைக்கே வந்து சேர்ந்தது.

1912-ல் அமெரிக்காவில் நடந்த சமாதான மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. டைட்டானிக் கப்பலில் ஏறினார் ஸ்டெட். ஏப்ரல் 15 விடியுமுன் கப்பல் மூழ்கிற்று. அவர் உடல் கிடைக்கவே இல்லை.