தைத்தேனியமும் வில்லியம் குரோலும்

உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ 58 சதவீதமே கொண்டது, ஆயினும் வலிமை மிக்கது, கடல்நீரிலும் துருப்பிடிக்காதது. இத்தகைய தைத்தேனியம் 1791 ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அதன் தாதுக்களுக்கும் பஞ்சமில்லை. எனினும் சுமார் 150 ஆண்டுகளாக அது ஆய்வுகூடப் பொருளாகவே இருந்தது. காரணம் யாது? சூடான நிலையில் அது ஒட்சிசன், நைதரசன் என்பவற்றுடன் சேர்ந்து நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். இத்தடையை நீக்கியவரே வில்லியம் ஜஸ்ரின் குரோல்.

இவர் 1889 நவம்பர் 24 இல் லக்சம்பேர்க் நாட்டில், இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற எஷ் நகரில் பிறந்தார். பேர்லினில் உலோகவியல் கற்றார். பின்னர் தாயகம் திரும்பிச் சொந்தமாக ஓர் ஆய்வுகூடம் அமைத்தார்.

1910 இல் அமெரிக்காவில் ஹன்ரர், சோடியத்தைக் கொண்டு தூய தைத்தேனியத்தைச் சிறிதளவில் பெற்றிருந்தார். குரோல் முதலில் வேறு உலோகங்களைப் பயன்படுத்தினார். பின்னர் மகனீசியத்துக்கு மாறினார். ஆகன் வாயுச் சூழலில், தைத்தேனியம் நாற்குளோரைட்டை உருகிய மகனீசியத்தால் தாழ்த்தினார். பஞ்சு போன்ற தைத்தேனியமும் மகனீசியம் குளோரைட்டும் கிடைத்தன. இதுவே குரோல் முறை எனப்படும்.

1940 இல் போர் நெருங்கியபோது ஐக்கிய அமெரிக்காவுக்குப் புகலிடம் தேடிச் சென்றார். அவ்வாண்டே அங்கு அவரது முறைக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. ஆனால் ஜேர்மனி லக்சம்பேர்க்கைக் கைப்பற்றியிருந்ததால், அந்த உரிமை எதிரிநாட்டார் சொத்தாகக் கருதப்பட்டுப் பறிமுதல் செய்யப்பட்டது. அதை மீட்க அவர் வழக்காட நேர்ந்தது. ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. ஓரிகன் மாநிலத்தின் அல்பனி நகரிலிருந்த அரச ஆய்வுகூடத்தில், இதே முறையால் சேர்க்கோனியத்தையும் பிரித்தெடுக்க வழிகாட்டினார்.

1948 இல் டூபொன்ற் நிறுவனம் தைத்தேனியத்தை வணிகரீதியில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1950களில் 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம் உருவானது. தூய உலோகத்தைவிட மிக வலிமையான இது, ஜெற் இயந்திரங்களிலும் செயற்கை இடுப்பு மூட்டுகளிலும் பயன்படுகிறது. குரோல் 1973 மார்ச் 30 இல் பிரசெல்சில் காலமானார்.

இன்றும் குரோல் முறையே பிரதானமானது. ஆனால் தொகுதி தொகுதியாகவே செய்யவேண்டியிருப்பதாலும் அதிக சக்தி தேவைப்படுவதாலும் விலை குறையவில்லை. மலிவான முறைக்கான ஆய்வுகள் தொடர்கின்றன.

மாணவர்களே, நமது புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைற்று மணலும் தைத்தேனியத்தின் தாதுதான். தாது இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படு பொருளாக்கும் அறிவே செல்வம் என்பதைக் குரோலின் வாழ்க்கை உணர்த்துகிறது.