குன்றைக் கோயிலாக்கிய விசித்திரசித்தர்

செஞ்சியைச் சார்ந்த தளவானூரில் ஒரு பாறைக்குன்றின் தென்முகத்தைக் குடைந்து, தூண்களும் மகரதோரணமும் துவாரபாலகரும் விளங்க அமைந்துள்ளது சத்ருமல்லேசுவரம். சத்ருமல்லன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவரின் விருதுப்பெயர்களுள் ஒன்று. சிவாலயம் ஆயினும், வைணவ அன்பர்களும் இம்மன்னரின் வரலாற்றை அறிந்திருத்தல் தகும்.

இவர் தந்தை சிம்மவிஷ்ணு திருமாலடியார். கி.பி. 590-ஆம் ஆண்டளவில் காஞ்சியில் அரியணை ஏறிய மகேந்திரர், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆண்டார். இளமையில் சமணத்தைத் தழுவியிருந்தவர், பின்னர்த் திருநாவுக்கரசரால் சைவரானார் என்பது மரபு.

தளவானூருக்கு அணித்தேயுள்ள மண்டகப்பட்டில் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் ஒரே குகையில் இடம் வகுத்தார். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றி அதனை எடுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டில் பெருமிதத்துடன் பொறித்து, தம்மை விசித்திரசித்தர் என்றே குறித்தார். மரமும் செங்கல்லும் காலத்தால் அழிவன, கல்லோ நிற்பது. சோளிங்கபுரத்துக்குக் கிழக்கே மகேந்திரவாடியில், தம் பெயரால் விளங்கிய ஏரியின் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்று திருமாலுக்கே ஒரு கோயிலைக் குடைவித்தார்.

சித்திரகாரப்புலி என்பதும் அவர் விருதே. குடுமியான்மலை இசைக்கல்வெட்டை அவருடையதென்று நெடுங்காலம் கூறிவந்தனர். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. அது கழிந்தாலும் அவர் புகழ் குறையாது, மத்தவிலாசப் பிரகசனம் ஒன்றே போதுமன்றோ! காஞ்சி வீதியில் குடிமயக்கத்தில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழந்து, பௌத்த பிக்குவே திருடினான் எனப் பூசலிடுகிறான், பாசுபதன் நடுவனாகிறான், இறுதியில் நாய் கவ்விய கபாலம் ஒரு பித்தன் கையிலிருந்து வெளிப்படுகிறது. சமயத்தின் பெயரால் நடந்த போலித்தனத்தைத் தம் தலைநகரிலேயே வைத்து நகையாடிய மன்னர், அந்நாடகத்துக்குத் தம் விருதுப்பெயராகிய மத்தவிலாசன் என்பதையே இட்டார். பிறரை எள்ளுவோர் தம்மையும் அதனுள் நிறுத்துதல் அரிது. 1917-இல் கணபதி சாஸ்திரியார் இதனைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். கேரளத்துச் சாக்கியார்கள் இதனை வழிவழியாக நடித்து வந்துள்ளனர்.

இத்தகைய உல்லாச சித்தத்தினர்க்கு வாழ்வு எளிதாக அமைந்ததென்று எண்ணலாகாது. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி வேங்கி நாட்டைக் கவர்ந்து, காஞ்சியின் மதிலளவும் படை செலுத்தினான். பல்லவன் மதிலுக்குள் ஒடுங்கினான் என்று 634-ஆம் ஆண்டின் ஐஹொளெ சாசனம் இகழ்கிறது. புள்ளலூரில் மகேந்திரர் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. தலைநகர் காக்கப்பட்டது, வடபுலம் மீளவில்லை. அப்பழியைத் துடைத்தவர் மைந்தர் நரசிம்மவர்மர். 642-இல் அவர் வாதாபியைக் கைக்கொண்டபோது தந்தை உயிருடன் இல்லை.

புலிகேசி கொண்ட வெற்றியை ஐஹொளெயில் படிக்கிறோம். மகேந்திரர் செய்வித்தவற்றைத் தளவானூர்ப் பாறையில் இன்றும் கையால் தொட்டுப் பார்க்கலாம்; முகப்பு தெற்கு நோக்க, உள்ளே கருவறை கிழக்கு நோக்கியிருக்கும்.