ஆலயத்தில் இசையை நிறுத்திய இசைவாணர்

கிறிஸ்தவ ஆலயம் என்றதும் நம் நினைவிற்கு வருவன இரண்டு. ஒன்று மணியோசை; மற்றொன்று ஆர்கன் இசை. ஆனால், ஆலயத்தில் இசைக் கருவிகளுக்கு இடம் உண்டா என்ற வினா அச்சமயத்திற்குள்ளேயே பல நூற்றாண்டுகளாக எழுந்து வந்திருக்கிறது. உண்டு என்போரும் உளர். இல்லை என்போரும் உளர். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் மனிதக் குரலன்றி வேறு எக்கருவியும் வழிபாட்டில் ஒலிப்பதில்லை.

'இல்லை' என்று சொன்னவர்களுள் மிக உறுதியாகச் சொன்னவர் ஒருவர். சொன்னதோடு நில்லாமல் ஒரு நகரம் முழுவதிலும் அதைச் செய்து காட்டியவர். அவர் இசை அறியாதவரோ? இசையை வெறுத்தவரோ? இரண்டும் இல்லை. அவர் காலத்துச் சமயத் தலைவர்களுள் அவரைப் போல் இசை பயின்றவர் அரியர். அவர்தாம் சுவிட்சர்லாந்து நாட்டுச் சமயச் சீர்திருத்தத்தின் தந்தை, உல்ரிக் சுவிங்கிலி.

மலைநாட்டு மாணவர்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே டோகன்பர்க் என்றொரு பள்ளத்தாக்கு. அதன் தலைப்பில், மலைகள் சூழ்ந்த வில்டுஹவுஸ் என்ற சிற்றூரில், 1484 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் நாள் சுவிங்கிலி பிறந்தார். தந்தை உழவர், ஊர்த் தலைவராகவும் இருந்தவர். குடும்பம் பெரியது. பிள்ளையின் அறிவுக் கூர்மையைக் கண்ட பெற்றோர், சிறு வயதிலேயே அவரைக் குருவாக இருந்த தம் உறவினரிடம் அனுப்பினர். பத்தாம் வயதில் பாசல் நகரம். பிறகு பேர்ன் நகரம். நம்மைப் போலவே படிப்பிற்காக ஊர் விட்டு ஊர் சென்று வளர்ந்தவர் அவர்.

பேர்ன் நகரில்தான் இசை முதன்முதலாக அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றப் பார்த்தது. அங்கிருந்த டொமினிக்கன் துறவியர், சிறுவனின் குரலையும் இசைத் திறனையும் கண்டு வியந்தனர். தங்கள் மடத்திலேயே சேர்த்துக்கொள்ள விரும்பினர். வீட்டார் இசையவில்லை. பிள்ளையை மீட்டுக்கொண்டு, 1498 ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினர். பின்னர்ப் பாசலில் பயின்று 1506 ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

மாணவப் பருவத்தில் அவர் கற்ற கருவிகள் பல. லூட் என்னும் நரம்புக் கருவி, யாழ், வில்லிட்டு இசைக்கும் வயோல், குழல், கொம்பு, நம் காஷ்மீரத்துச் சந்தூரைப் போன்ற டல்சிமர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பாட்டெழுதவும், அதற்குப் பண் அமைக்கவும் அவரால் இயன்றது.

குருவும் போர்க்களமும்

1506 ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்று, கிளாருஸ் என்னும் ஊரில் பத்தாண்டுகள் பணியாற்றினார். அந்நாளில் சுவிஸ் நாட்டு இளைஞர்கள் கூலிப் படையினராக அயல்நாட்டு அரசர்களுக்குப் போரிடச் செல்வது வழக்கம். தம் ஊர் இளைஞர்களுடன் இவரும் குருவாகச் சென்றார். 1513 இல் நோவாரா வெற்றியையும், 1515 இல் மரிஞானோ தோல்வியையும் கண்ணால் கண்டார். மரிஞானோவில் ஆயிரக்கணக்கான சுவிஸ் வீரர்கள் மடிந்தனர். பிறர் பொன்னுக்காகத் தம் மக்கள் இரத்தம் சிந்துவதா என்ற கேள்வி அவர் நெஞ்சில் தைத்தது. அன்று முதல் கூலிப் போரை எதிர்த்துப் பேசலானார்.

1516 ஆம் ஆண்டில் ஐன்சீடெல்ன் என்னும் யாத்திரைத் தலத்திற்குப் பணி மாறியது. அதே ஆண்டில் அறிஞர் எராஸ்மஸ் கிரேக்க மொழிப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். சுவிங்கிலி அதை விழுந்து விழுந்து படித்தார். பவுல் அடிகளாரின் நிருபங்களைக் கிரேக்கத்திலேயே தம் கையால் படியெடுத்தார். சமய வாழ்வில் எது மூலம், எது பின்னால் வந்து சேர்ந்தது என்ற ஆராய்ச்சி அங்கே வேர் கொண்டது.

சூரிக் நகரில்

1518 ஆம் ஆண்டு இறுதியில், சூரிக் நகரின் பெரிய ஆலயமான குரோஸ்முன்ஸ்டரில் மக்கள் குருவாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்தலின்போது அவர்மேல் சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று, அவர் இசையில் அளவு கடந்த ஈடுபாடு உடையவர் என்பது! அதையும் மீறித்தான் பதவி கிடைத்தது. 1519 ஜனவரி 1 ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று, முதல் சொற்பொழிவு ஆற்றினார். நாளுக்கென்று குறித்த பகுதியை மட்டும் விளக்கும் வழக்கத்தை விட்டு, மத்தேயு நற்செய்தியை முதல் அதிகாரத்திலிருந்து தொடர்ச்சியாக மக்கள் மொழியில் விளக்கத் தொடங்கினார்.

அதே ஆண்டில் கொள்ளை நோய் நகரைத் தாக்கியது. ஓடி ஒளியாமல் நோயாளிகளிடையே பணியாற்றிய சுவிங்கிலியையும் நோய் பற்றியது. சாவின் வாயில்வரை சென்று மீண்டார். மீண்டபின் அவர் செய்தது என்ன? அந்த அனுபவத்தை ஒரு பாட்டாக எழுதினார். நெஞ்சம் உருகியபோது அவருக்கு இயல்பாக வந்தது பாட்டே!

1523 ஜனவரியில் சூரிக் நகர அவையின் முன் பெரியதொரு சமய விவாதம் நடந்தது. சுவிங்கிலி 67 கொள்கைகளை முன்வைத்தார். அவை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவரது அடிப்படை எளியது: வேதத்தில் ஆதாரம் உள்ளதே வழிபாட்டில் நிற்க வேண்டும், ஆதாரம் இல்லாதது விலக வேண்டும். ஜெர்மனியில் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூதரின் பாதையோ சற்று வேறு. வேதம் விலக்காத பழைய வழக்கங்களை அவர் பெரும்பாலும் விட்டுவைத்தார். இந்தச் சிறு வேறுபாடே இசையைப் பொறுத்தவரை இருவரையும் இரு துருவங்களில் நிறுத்தியது.

ஏன் நிறுத்தினார்?

அவர் கூறிய காரணங்களைப் பொறுமையோடு கேட்பது நம் கடமை.

முதலாவது, இயேசு பெருமான் கற்பித்த வழிபாடு தனியறையில் கதவடைத்துச் செய்யும் செபம். பிறர் காண, பிறர் கேட்கச் செய்வது விளம்பரமாகிவிடும். இரண்டாவது, இதயத்தில் பாடுமாறு பவுல் அடிகளார் கூறியதை, வாயால் அன்று, உள்ளத்தால் பாடுவது என்றே அவர் பொருள் கொண்டார். மூன்றாவது, ஆமோஸ் தீர்க்கதரிசியின் கண்டனம். நீதி இல்லாத மக்களின் பாட்டும் யாழோசையும் இறைவனுக்கு வேண்டா என்றவர் அவர்.

இவற்றோடு கண்ணெதிரே கண்ட நிலையும் சேர்ந்தது. அன்றைய ஆலயங்களில் பாடியவர்கள் பொதுமக்கள் அல்லர். சம்பளம் பெற்ற பாடகர்களே. பாடிய மொழி இலத்தீன். கேட்டவருள் மிகப் பலருக்கு விளங்காதது. ஆர்கன் முழங்கும், பாடகர் பாடுவர், மக்கள் வாயடைத்து நிற்பர். இதை வழிபாடு என்பதா, கச்சேரி என்பதா? ஏழைக்குச் சேர வேண்டிய பணம் ஆலய அலங்காரத்தில் கரைவதையும் அவர் கடிந்து பேசினார்.

மற்றொரு காரணமும் இருந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. இசையின் வலிமை இசைவாணனுக்கே தெரியும். நல்லதொரு பண் உள்ளத்தை எங்கே இழுத்துச் செல்லும் என்பதை அவர் அறிவார். கேட்பவன் உருகுவது இறைவனை எண்ணியா, இசையை எண்ணியா என்று பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதையும் அறிவார்.

1524 கோடையில் நகர ஆலயங்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டன. ஆர்கன்கள் மௌனமாயின. 1525 இல் பழைய பூசை முறை ஒழிந்தது. அவ்வாண்டு ஈஸ்டர் திருநாளையொட்டி நடந்த திருவிருந்தில் பொற்கிண்ணம் இல்லை. மரக் கிண்ணமும் மரத் தட்டுமே இருந்தன. பாட்டும் இல்லை. ஆண்களும் பெண்களும் மாறி மாறி வேத வாக்கியங்களைச் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினார். நகர அவை அதற்குக்கூட இணங்கவில்லை. 1527 டிசம்பரில் குரோஸ்முன்ஸ்டரின் ஆர்கன் பிரித்து அகற்றப்பட்டது.

வீட்டில் யாழ், வெளியே வாள்

ஆலயத்தில் நின்ற இசை அவர் வீட்டில் நிற்கவில்லை. 1524 இல் அன்னா ரைன்ஹார்ட் என்னும் அம்மையாரை ஊரறிய மணந்தார். குழந்தைகள் பிறந்தனர். லூட் வாசிக்கும் குருவென்று எதிர்த்தரப்பு அறிஞர் ஃபாபர் ஏளனம் செய்தபோது, சுவிங்கிலி சினம் கொள்ளவில்லை. ஆம், கற்றிருக்கிறேன், அழும் குழந்தைகளை அமைதிப்படுத்த அது நன்கு உதவுகிறது என்ற பொருளில் நகைச்சுவையோடு விடை எழுதினார். 1531 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சூரிக் மாணவர்கள் அரிஸ்டோஃபனீசின் நாடகம் ஒன்றைக் கிரேக்க மொழியிலேயே நடித்தனர். அதற்கு இசை அமைத்தவர் யார் தெரியுமா? சுவிங்கிலியேதான்!

ஆகவே, இசை தீது என்பது அவர் கருத்தன்று. வீடு இசைக்கு ஏற்ற இடம். நாடக மேடை ஏற்ற இடம். வழிபாடு மட்டும் ஏற்ற இடமன்று என்பதே அவர் முடிவு.

இந்த முடிவிற்கு மறுப்பு இல்லையா? உண்டு. சங்கீதப் புத்தகத்தின் கடைசிப் பாட்டு, எக்காளமும் யாழும் கைத்தாளமும் கொண்டு இறைவனைப் புகழச் சொல்கிறது. தம் கையால் லூட் வாசித்த மற்றொருவரான லூதர், இசையை இறைவன் தந்த பெருங்கொடை என்று போற்றினார். சூரிக்கில் ஆர்கன் மௌனமான அதே 1524 இல் லூதரின் பாடல்கள் ஜெர்மனியில் நூல்களாக அச்சேறின. பாடகர் குழு மக்களின் வாயை அடைத்தது என்றால், மருந்து பாட்டை நிறுத்துவதன்று. மக்களையே பாட வைப்பது என்பது லூதரின் வழி. 1529 இல் மார்பர்க் நகரில் இருவரும் நேரில் சந்தித்தனர். அங்கு அவர்களைப் பிரித்தது திருவிருந்து பற்றிய கருத்து வேற்றுமை, இசை அன்று. பதினைந்து கொள்கைகளுள் பதினான்கில் ஒன்றுபட்டும், கடைசி ஒன்றில் பிரிந்தனர்.

சுவிங்கிலியின் வாழ்வில் நாம் மறைக்கக்கூடாத ஒரு நிழலும் உண்டு. தம் உறுதியை அவர் நகர அவையின் அதிகாரத்தோடு பிணைத்துக்கொண்டார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கூடாது என்று கூறிய பெலிக்ஸ் மான்ஸ், ஒரு காலத்தில் அவருடைய சீடர் குழுவைச் சேர்ந்தவர். சூரிக் அரசு 1527 ஜனவரியில் அவரை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. ஆர்கன் அகற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். தாம் விரும்பிய இசையைத் தாமே விட்டுக்கொடுப்பது தியாகம். அதைச் சட்டத்தால் எல்லோரும் விட வேண்டும் என்பது வேறு. முன்னதை வணங்கலாம், பின்னதை வணங்க முடியவில்லை.

முடிவு போர்க்களத்தில் வந்தது. பழைய சமயத்தில் நின்ற ஐந்து மாநிலங்களுக்கு உணவுப் பொருள் செல்லாமல் சூரிக் வழி அடைத்தது. அம்மாநிலங்கள் படையெடுத்தன. 1531 அக்டோபர் 11 ஆம் நாள் காப்பெல் போரில் சூரிக் படை சிதறியது. ஏறத்தாழ 500 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் சுவிங்கிலி. வயது 47. கூலிப் போரை வெறுத்தவர், சமயப் போரில் உயிர் நீத்தார்.

பின் வந்த காலம்

அவர் உண்டாக்கிய மௌனம் நெடுங்காலம் நீடித்தது, ஆனால் நிலைக்கவில்லை. சூரிக் ஆலயங்களில் 1598 இல் மக்கள் பாடத் தொடங்கினர். குரோஸ்முன்ஸ்டரில் 1876 இல் மீண்டும் ஆர்கன் அமைந்தது. இதற்கிடையே ஜெனீவாவில் கால்வின் ஒரு நடுவழி கண்டார்: சங்கீதங்களை மக்கள் பாடலாம், கருவி மட்டும் வேண்டா.

நம் தமிழகத்திற்கு வந்த முதல் சீர்திருத்தச் சமயப் பணியாளர் லூதரின் வழியினர். 1706 இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அந்த மரபில் தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் தமிழ் ஆலயங்களில் ஒலிக்கின்றன. வந்தவர்கள் சுவிங்கிலியின் வழியினராக இருந்திருந்தால் அந்த இசை இவ்வளவு எளிதில் ஆலயத்திற்குள் நுழைந்திருக்குமா என்பது ஐயமே.

அப்படியானால் சுவிங்கிலி தோற்றவரா? கருவியை விலக்கியதில் அவர் வழியைக் காலம் ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் விடை கேட்டு நிற்கிறது. ஒலிபெருக்கியும் மின்னிசையும் வழிபாட்டை நிறைக்கும் இந்நாளில், கூடியிருப்பவர் பாடுகிறார்களா, அல்லது பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்களா? உருகுவது எதற்காக? இசைக் கருவி ஆலயத்தில் இருப்பதா, வேண்டாவா என்பதை அந்தந்தச் சபை முடிவு செய்துகொள்ளட்டும். இந்தக் கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட பிறகு முடிவு செய்யட்டும். இசையை உயிராய் நேசித்த ஒருவர் கேட்ட கேள்விகள் அவை. ஆதலால் தட்டிக் கழிக்கத் தக்கவை அல்ல.