திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

செங்கற்பட்டு ஜில்லாவிலே, மதுராந்தகத்தின் பக்கலிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். மறைமலைநகர் வழியே தென்றிசை செல்லும் நெடுஞ்சாலையில் நாம் பன்முறை சென்றும் அவ்வூர்ப் பெயரைக் கேட்டறியோம்.

கோயம்புத்தூர்க் கலாசாலையில் ஏறக்குறைய 400 மாணாக்கர் நடுவே அவர் பயின்றார். தம் குலத்தைப் பிறர் அறிந்துவிடுவரோ என்னும் அச்சத்தால், மணியடிக்கும் வரையில் புத்தகமுங் கையுமாய் வெளியே நிற்பாராம். மணியோசைக்கு முன் நண்பரோடு அளவளாவி மகிழும் நமக்கு இச்செய்தி எளிதில் மறக்கற்பாலதன்று. அங்ஙனம் மறைத்த குலப்பெயரையே 1893ஆம் ஆண்டிற் சென்னையில் தாம் தொடங்கிய பத்திரிகைக்குச் சூட்டி, 'பறையன்' என வெளியிட்டார்.

பின்பு தென்னாப்பிரிக்காவிற் பல்லாண்டு உத்தியோகம் பார்த்துத் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபையின் நியமன அங்கத்தினரானார். பொதுவீதிகளும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்னும் பிரேரணையை மறு ஆண்டிலேயே நிறைவேற்றுவித்தார்.

1930இல் டாக்டர் அம்பேத்காருடன் இலண்டன் வட்டமேஜை மகாநாட்டிற்குச் சென்றார். தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்துகொள்ளத் தனித்தொகுதி வேண்டுமென்பது இருவர் கோரிக்கை. 1932 ஆகஸ்டில் அரசாங்கத்தார் அதற்கு இசைந்தனர். அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொள்ளவே, செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் உண்டாயிற்று. சீனிவாசனாரும் கையொப்பமிட்டார். தனித்தொகுதி போயிற்று, சென்னை மாகாணத்திற்குக் குறித்திருந்த 18 ஸ்தானங்கள் 30 ஆயின.

அவ்வண்ணமே 1937ஆம் ஆண்டுத் தேர்தலில், ஒன்றின் மேற்பட்ட அங்கத்தினரையுடைய கூட்டுத்தொகுதிகள் அமைந்தன. அவற்றில் ஒரு ஸ்தானம் தாழ்த்தப்பட்டோர்க்கு உரியது. எனினும் அதற்கும் வாக்களிப்போர் தொகுதியார் அனைவருமே. சேரியார் சிலர், ஊரார் பலர். சேரி விரும்பாத அபேட்சகரையும் ஊரார் வாக்கு வெற்றிபெறச் செய்தல் கூடுமன்றோ? இதற்கு அணையாகவே, அவ்வகுப்பார் மட்டும் முதற்கண் நால்வரைத் தேர்ந்து நிறுத்தலாம் என ஒப்பந்தம் விதித்தது. சிற்றணையேயென்பது எம் கருத்து. நால்வருள் ஒருவரைத் தெரிவது மீண்டும் ஊரார் கையதே. ஆயினும் 12 ஸ்தானங்கள் மிகுந்தமை சிறிதன்று. எழுபது வயது கடந்த அப்பெரியார் எம்மனத்தோடு கையொப்பமிட்டனரோ!

1936இல் திவான்பகதூர் பட்டம் பெற்ற அவர், 1945 செப்டம்பர் 18ஆம் நாள் காலமானார். 1952, 1957ஆம் ஆண்டுகளின் தேர்தல்களில் இரட்டை அங்கத்தினர் தொகுதிகள் நிலைத்தன. நால்வரைத் தேரும் முறை இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொகுதிகளையும் நீக்கிற்று. அவர் பிறந்த பக்கத்து மதுராந்தகம் இன்று ஓர் அங்கத்தினரையே உடைய ஒதுக்கீட்டுத் தொகுதி. அங்கும் வாக்களிப்போர் அனைவருமே.